ஆற்று மணலில் கிடைத்த எலும்பு வாத்தினுடையதா?

கேள்வி: காவிரிக் கரையோரத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது, கூழாங்கல் அடுக்கில் விரல் நீள எலும்பு ஒன்று கிடைத்தது. இது பழங்கால வாத்தின் எலும்பாக இருக்குமா?
– வாசகர், கொடுமுடி

பதில்: முதலில் உடைந்த முனையைப் பாருங்கள். சுவர் மெல்லியதாகவும் உள்ளே குழலாகவும் இருந்தால் பறவையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நீர்க்காகம், முக்குளிப்பான் போன்ற முங்கும் பறவைகளின் எலும்புச் சுவர் சற்றுத் தடித்திருக்கும் என்பதால், சுவரை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பவை மூட்டு முனைகளே. விரல்களுக்கு மேலே, செதில் போர்த்திய காலெலும்பின் அடிமுனையில் மூன்று உருளைகள் இருக்கும். வாத்துக் குடும்பத்தில் உட்பக்க உருளை, வெளிப்பக்க உருளையைவிடக் குட்டையாகவும் பின்னோக்கித் தள்ளியும் அமைந்திருக்கும். நீர்க்காகத்தில் அந்த உட்பக்க உருளை நன்றாகக் கீழிறங்கியிருக்கும். முனைகள் தேய்ந்த வெறும் தண்டு என்றால், 'பறவை' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் நாம் காணும் புள்ளிமூக்கு வாத்து போன்ற இன்றைய இனங்களின் எலும்புக்கூடுகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே இனத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி வயது. கொங்கு நாட்டின் அடித்தளம் மிகப் பழைய கடும்பாறை. அதன் மேல் ஆறு படிய வைத்த வண்டலோ அதைவிட மிக இளையது. ஆகவே கிடைத்தது ஆழத்தில் என்பதாலேயே அது புதைபடிவமாகிவிடாது. நொய்யல் கரையில் கொடுமணல் போன்ற பழங்காலக் குடியிருப்புகள் இருந்த பகுதி இது. கத்தி வெட்டோ தீக்கருக்கலோ தென்பட்டால், யாரோ சமைத்துத் தின்ற மிச்சமாகவே இருக்கக்கூடும். எலும்பைத் தேய்த்துக் கழுவாமல், ஆழத்தையும் மண்ணடுக்கையும் எழுதிவைத்து, ஒட்டிய மண்ணோடு பஞ்சில் பொதிந்து வையுங்கள்.