எச்சில் சுரப்பி கட்டி: ஸ்கேன் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சிங்கப்பூர்ல 22 வருஷம் எம்ஆர்ஐ ரூம்ல ரேடியோகிராஃபரா இருந்துட்டு ரிட்டையர் ஆனவன் நான். டாக்டர் இல்ல. படம் எதுக்கு எடுக்குறாங்க, சர்ஜன் அதுல என்ன தேடுறாருன்னு மட்டும் சொல்லுவேன்.

கேள்வி (அங் மோ கியோ தம்பி): அண்ணே, அப்பாவுக்கு காதுக்கு கீழ கட்டி. ஊசி குத்தி பாத்ததுல கேன்சர்னு தெரிஞ்சிருச்சு. அப்புறம் எதுக்கு எம்ஆர்ஐ?

பதில்: தம்பி, ஊசி சொல்றது அது என்ன கட்டின்னு, எது வரைக்கும் போயிருக்குன்னு அதுக்கு தெரியாது. காதுக்கு கீழ இருக்குற அந்த எச்சில் சுரப்பியோட (பரோடிட்னு பேரு) ஒரு பகுதி தாடை எலும்புக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், அல்ட்ராசவுண்ட் எலும்ப தாண்டி பாக்காது. இன்னொன்னு, கண்ணு மூட, வாய் சிரிக்க வைக்கிற முக நரம்பு அந்த சுரப்பிக்குள்ளயேதான் கிளை பிரிஞ்சு ஓடுது. வேடிக்கை என்னன்னா சாதாரண எம்ஆர்ஐல சுரப்பிக்குள்ள அந்த நரம்பு சரியா தெரியாது, அதனால பக்கத்துல போற ஒரு ரத்தக்குழாய அடையாளமா வெச்சு கட்டி நரம்புக்கு வெளிப்பக்கமா உள்பக்கமான்னு கணக்கு போடுவாங்க. நரம்பு மண்டை ஓட்டுலேர்ந்து வெளிய வர்ற ஓட்டை வரைக்கும் கட்டி போயிருந்தா ஆபரேஷனே வேற மாதிரி, காதுக்கு பின்னாடி எலும்ப கொஞ்சம் எடுக்கணுமா, நரம்ப வெட்டுனா வேற எடத்துலேர்ந்து எடுத்து ஒட்டணுமான்னு முன்னாடியே முடிவு பண்ணி அப்பாகிட்ட பேசிட்டுதான் கையெழுத்து வாங்குவாங்க.

கேள்வி (ஈசூன் அக்கா): மெஷினுக்குள்ள போக பயமா இருக்கு. தாலிய கழட்டணுமாமே?

பதில்: கழட்டணும் அக்கா. தங்கத்த காந்தம் இழுக்காது, ஆனா கழுத்துல கெடந்தா அந்த எடத்துல படம் கெட்டுப்போகும், சூடும் ஆகலாம். மஞ்சக் கயிறு கட்டிட்டு வந்தவங்கள நெறைய பாத்திருக்கேன், அது பிரச்சினையே இல்ல. பயத்த விட பெரிய எதிரி எச்சில் முழுங்குறதுதான். மெஷின் படம் எடுக்குற சத்தம் கேக்குறப்ப முழுங்குனா நாக்கு, தொண்டை எல்லாம் ஆடி படம் மங்கிடும். சத்தம் நிக்கிற இடைவெளில முழுங்கிக்கோங்க.

கேள்வி: பெட் ஸ்கேன்ல (PET, சர்க்கரைய ஜாஸ்தி இழுக்குற எடத்த பளிச்சுனு காட்டுற படம்) ரெண்டு பக்க கன்னமும் பளிச்சுனு எரியுது. ரெண்டு பக்கமும் பரவிடுச்சா?

பதில்: பளிச்சுனு தெரிஞ்சா கேன்சர்னு அர்த்தம் இல்ல. வார்த்தின்னு ஒரு சாதா கட்டி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் வரும், பெட்ல நல்லாவே எரியும். கட்டில ஊசி குத்தி பாத்தாதான் தெரியும்.

கேள்வி (ஜூரோங் அண்ணன்): அம்மாவுக்கு அடினாய்டு சிஸ்டிக்னு (எச்சில் சுரப்பில வர்ற ஒரு வகை கேன்சர்) ரிப்போர்ட். கட்டி சின்னதுதான், ஆனா தலை வரைக்கும் எம்ஆர்ஐ கேக்குறாங்க. காசு புடுங்குறாங்களோ?

பதில்: இல்லண்ணே, இதுல கேட்டது நியாயம். அந்த வகை நரம்பு மேலயே ஊர்ந்து போகும், கொடி கம்பிய பிடிச்சு ஏறுற மாதிரி. கட்டி சுண்டைக்காய் அளவு இருந்தாலும் நரம்பு வழியா மண்டை ஓட்டு அடிப்பகுதி வரைக்கும் போயிருக்கலாம், அத சாயம் ஏத்தி எடுத்த எம்ஆர்ஐதான் நல்லா காட்டும், சிடி ஸ்கேன் அந்த அளவுக்கு காட்டாது. நுரையீரலுக்கும் போற வியாதி, அதுக்கு சிடி தனியா எடுப்பாங்க. அம்மாவுக்கு கன்னத்துல மரத்துப் போறது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குறது, வாய் கோணுறது எதாச்சும் இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ஸ்கேன் படிக்கிறவர் அம்மாவ நேர்ல பாக்க மாட்டாரு, ஃபாரம்ல எழுதியிருக்குறத வெச்சுதான் எங்க உத்துப் பாக்கணும்னு அவருக்கு தெரியும்.

கேள்வி: சென்னைல எடுத்த ஸ்கேன் இருக்கு, இங்க ஒத்துப்பாங்களா?

பதில்: சிடிய கொண்டு வாங்க, அதாவது டிஸ்க்க! ஃபிலிம போன்ல படம் புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புனா பிரயோஜனம் இல்ல, சர்ஜன் ஒவ்வொரு ஸ்லைஸா உருட்டி உருட்டி பாக்கணும். எடுத்து ரொம்ப நாள் ஆயிருந்தா திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க, அதுக்கு கோச்சுக்காதீங்க, கட்டி அதுக்குள்ள வளந்திருக்கலாம்.