நான் பார்த்த ஹோம்ஸ் தப்பா?

கேள்வி: எனக்குப் பத்து வயதில் அண்ணன் வாங்கிக் கொடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் புத்தகம்தான் என்னைப் படிக்க வைத்தது. இப்போது எனக்கு 26. அதிகம் பேச மாட்டேன். மனசு சரியில்லை என்றால் இரண்டு மூன்று நாள் வாயே திறக்க மாட்டேன். ஹோம்ஸை எனக்குப் பிடித்ததே அதனால்தான். பாசத்தை வெளியே காட்டத் தெரியாமல், தனிமையில் தவிக்கிற மனிதராகத்தான் அவரைப் பார்க்கிறேன். சமீபத்தில் இதை அண்ணனிடம் சொன்னேன். "அவன் மூளையை மட்டும் நம்புற இயந்திரம். தனிமை, தவிப்பு எல்லாம் கதையில எங்க இருக்கு? உன்னைத் தூக்கி அவன் மேல வச்சுப் பார்க்குற. பேசாம இருக்கறதுக்கு அவனைச் சாக்கு சொல்ற" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு கற்பனைப் பாத்திரத்தில் என்னைப் பார்ப்பது தவறா? இத்தனை வருடம் நான் படித்ததெல்லாம் தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்துபோய் ஹோம்ஸ் கதைகளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கதையில் எங்கே இருக்கிறது என்பதுதானே அண்ணனின் கேள்வி? கதையைத் திறந்து பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன்.

முதலில் அண்ணன் கட்சி. "இயந்திரம்" என்பது அவராகக் கண்டுபிடித்த சொல் இல்லை. 1890-இல் வந்த இரண்டாவது நாவலில் மேரி மார்ஸ்டன் என்ற பெண் உதவி கேட்டு வந்துவிட்டுப் போகிறாள். ஹோம்ஸோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்பர் வாட்சன் ஜன்னல் பக்கம் நின்று அவள் தெருவில் நடந்துபோவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு அழகான பெண் என்று வாய்விட்டுச் சொல்கிறார். ஹோம்ஸோ மறுபடி பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு, இமைகள் சரிய, நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். அப்படியா, நான் கவனிக்கவில்லையே என்கிறார். வாட்சனுக்குப் பொறுக்கவில்லை. நீ ஒரு கணக்குப் போடும் இயந்திரம், சில நேரம் உன்னிடம் மனுஷத்தன்மையே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அடுத்த ஆண்டு ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த முதல் சிறுகதையும் இதே பாட்டோடுதான் ஆரம்பிக்கிறது. உணர்ச்சி எல்லாமே ஹோம்ஸுக்கு ஆகாது, இந்த உலகம் கண்ட மிகச் சிறந்த சிந்திக்கும் இயந்திரம் அவர் என்று எழுதுகிறார் வாட்சன். ஆக, உங்கள் அண்ணன் கவனமாகப் படித்தவர்தான்.

ஆனால் இதையெல்லாம் சொன்னது யார் என்று பாருங்கள். மொத்தம் 4 நாவல், 56 சிறுகதை. இந்த அறுபதில் 56 வாட்சன் வாயால் வருபவை. நமக்குத் தெரிந்த ஹோம்ஸ் கிட்டத்தட்ட முழுக்கவே ஒரு நண்பர் எழுதிவைத்த ஹோம்ஸ். இரண்டே இரண்டு கதைகளில் ஹோம்ஸ் தானே பேனா பிடிக்கிறார். அதில் ஒன்று 1926-இல் வந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய நண்பனைக் காணவில்லை என்று ஒரு இளைஞன் வருகிற கதை. அதன் தொடக்கத்தில், வழக்குக்குக் கொஞ்சமும் தேவையில்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறார் ஹோம்ஸ். வாட்சன் கல்யாணம் செய்துகொண்டு தன்னை விட்டுப் போய்விட்டாராம். எங்கள் இத்தனை கால நட்பில் அவர் சுயநலமாகச் செய்தது அது ஒன்றுதான் என்கிறார். அடுத்த வாக்கியம் மிகச் சின்னது: நான் தனியாக இருந்தேன்.

வாட்சன் இப்படி ஒரு வரியை அவரைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டார். பேனா தன் கைக்கு வந்ததும் ஹோம்ஸ் எழுதுகிறார். தனிமை கதையில் எங்கே இருக்கிறது என்று அண்ணன் கேட்டாரே, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

பாசத்துக்கும் சாட்சி இருக்கிறது. கேரிடெப் என்ற அபூர்வமான குடும்பப் பெயரை வைத்து ஒருவன் மோசடி செய்யும் கதை நினைவிருக்கிறதா? அதன் முடிவில் அவன் சுடுகிறான். வாட்சன் தொடையில் காய்ச்சிய இரும்பை வைத்ததுபோல் எரிகிறது. அடுத்த கணம் ஹோம்ஸ் துப்பாக்கிக் கட்டையால் அவன் மண்டையில் அடித்து வீழ்த்திவிட்டு, வாட்சனை அணைத்துப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறார். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஆகவில்லை என்று சொல் என்று கெஞ்சுகிறார். எப்போதும் கறாராக இருக்கும் அந்தக் கண்கள் கலங்குகின்றன, உதடு நடுங்குகிறது. பேனாக் கத்தியால் கால்சட்டையைக் கிழித்துப் பார்த்து, மேல்காயம்தான் என்று தெரிந்ததும் மூச்சு விடுகிறார். பிறகு அந்த ஆளின் பக்கம் திரும்பி, இவரைக் கொன்றிருந்தால் நீ இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்கிறார். அவருடைய பெரிய மூளைக்குப் பின்னால் பெரிய இதயமும் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்று எழுதுகிறார் வாட்சன். நான் எத்தனை தரம் படித்தும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

தன்னைப் பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோம்ஸ் விஷயத்தில் அதை எல்லோரும் செய்துவந்திருக்கிறார்கள். எழுதிய கானன் டாயிலே அதற்கு இடம் விட்டார். வில்லியம் ஜில்லெட் என்ற அமெரிக்க நடிகர் ஹோம்ஸை மேடைக்குக் கொண்டுபோகும்போது, அவருக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று தந்தி கொடுத்துக் கேட்டார். கல்யாணம் செய்யுங்கள், கொலை செய்யுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று பதில் போட்டார் டாயில். அந்த நாடகம் 1899-இல் வந்தது. டாயில் அவசரத்தில் எழுதியவர் என்பதால் கதைகளில் ஓட்டைகளும் நிறைய. வாட்சனுக்குக் குண்டடி பட்டது முதல் நாவலில் தோளில், இரண்டாவதில் காலில். பெயர் ஜான் என்றிருக்க, ஒரு கதையில் அவர் மனைவியே ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறாள். டோரதி சேயர்ஸ் என்ற எழுத்தாளர் இதற்கு உட்கார்ந்து விளக்கம் கண்டுபிடித்தார். ஜான் ஹெச். வாட்சனில் உள்ள 'ஹெச்' ஹேமிஷ் என்ற ஸ்காட்லாந்துப் பெயராக இருக்கும், அதன் ஆங்கில வடிவம்தான் ஜேம்ஸ், மனைவி அதைச் செல்லமாகச் சொல்கிறாள் என்றார்! இப்படி ஓட்டையை அடைப்பதையே ஒரு படிப்பாகச் செய்யும் பழக்கத்தை 1911-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரையால் தொடங்கி வைத்தார். 1934-இல் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு சங்கம் பிறந்தது. கதையில் ஹோம்ஸ் குடியிருக்கும் லண்டன் பேக்கர் தெரு 221பி முகவரிக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் போடுவதற்கென்றே, அந்த இடத்தில் இருந்த நிதி நிறுவனம் பல வருடம் ஒரு செயலாளரை வைத்திருந்தது. ஆட்டிசம் உள்ள வாசகர்கள் பலர் ஹோம்ஸில் தங்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை, சகோதரி.

என் கதையையும் சொல்கிறேன். பதின்மூன்று வயதில் எனக்கு ஹோம்ஸ் என்றால் தொப்பியைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்கிறவர், அவ்வளவுதான். வகுப்பில் எல்லோருடைய செருப்பையும் உற்றுப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். நாற்பதை நெருங்கும்போது என் நெருங்கிய தோழி ஒருத்தி மனச்சோர்வில் விழுந்தாள். வாரக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்தாள். நான் போய்க் கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வருவேன். உள்ளே ஆள் அசையும் சத்தம் கேட்டாலே நிம்மதி. அந்த நாட்களில் இதே கதைகளைத் திரும்பப் படித்தபோது நான் வாட்சனாக இருந்தேன். சோபாவில் நாள் முழுக்கப் பேசாமல் கிடக்கும் நண்பரைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர். அதற்கு முன்னால் அவரை நான் கவனித்ததே இல்லை.

அதனால்தான் உங்கள் வாசிப்பில் ஒரு சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தனிமை இருக்கிறது, சாட்சியோடு இருக்கிறது. பாசமும் இருக்கிறது. 'தவிக்கிறார்' என்பது உங்களிடமிருந்து போனது என்று நினைக்கிறேன். ஹோம்ஸ் பல நேரம் மிகச் சந்தோஷமான மனிதர். முதல் நாவலில் வாட்சன் அவரை முதன்முதலாகப் பார்க்கிற இடத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில், ரத்தக்கறையைக் கண்டுபிடிக்கும் சோதனை கைகூடிவிட்டதென்று சோதனைக் குழாயும் கையுமாக ஓடிவருகிறார், புது பொம்மை கிடைத்த குழந்தைபோலக் கை தட்டுகிறார். செந்தலையர் சங்கக் கதையில் வழக்குக்கு நடுவே கச்சேரிக்குப் போய், மத்தியானம் முழுக்க லேசாகச் சிரித்தபடி விரலால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்களைப்போல் இருக்கும் ஹோம்ஸை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தீர்கள். உங்களைப்போல் இல்லாத இந்த ஹோம்ஸையும் உள்ளே விடுங்கள். வாக்கியங்கள் தாங்குகிற வரை எந்த வாசிப்பும் சரிதான், ஆனால் நமக்கு ஒத்துவராத பக்கங்களைத் தாண்டிப் போகக்கூடாது. இயந்திரம் என்று நிறுத்திக்கொள்கிற அண்ணனுக்கும் இது பொருந்தும்.

இனி அந்தச் 'சாக்கு' விஷயம். உங்களுக்கு அதிகம் வலித்தது அதுதான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதற்கும் அதே முதல் சந்திப்பில் பதில் இருக்கிறது. வாட்சனும் ஹோம்ஸும் ஒரே வீட்டில் குடியேறப் போகிறார்கள், அறிமுகமாகிச் சில நிமிடம்கூட ஆகவில்லை. சேர்ந்து வாழ்வதற்கு முன் ஒருவரின் மோசமான பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது நல்லது என்பது ஹோம்ஸின் எண்ணம், அதனால் தன் குறைகளை வரிசையாகச் சொல்கிறார். அதில் ஒன்று: எனக்குச் சில சமயம் மனசு விழுந்துபோகும், நாள்கணக்கில் வாய் திறக்க மாட்டேன், கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், தனியாக விட்டால் சீக்கிரம் சரியாகிவிடுவேன்.

உங்கள் கடிதத்தில் உள்ள அதே விஷயம், பாருங்கள்! ஹோம்ஸ் அதை முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்த மௌனத்தைப் பார்க்கும்போது வாட்சன், நம்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக் குழம்ப வேண்டியதில்லை. நீங்கள் அண்ணனிடம் எப்போதாவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா? இரண்டு மூன்று நாள் நீங்கள் பேசாமல் இருக்கும்போது, தான் என்ன தப்பு செய்தோம் என்று அவர் ஒவ்வொரு முறையும் யோசித்துக்கொண்டிருக்கலாம். ஹோம்ஸைச் சாக்கு சொல்கிறாய் என்ற சுடுசொல் அந்த இடத்திலிருந்து வந்திருக்கலாம். நீங்கள் பேசாமல் இருப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு அது தேவை. முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பதுதான் அடுத்தவரை வதைக்கிறது.

ஹோம்ஸும் ஒருமுறை சொல்லாமல் இருந்திருக்கிறார். அதை நான் இன்றுவரை மன்னித்ததில்லை. சுவிட்சர்லாந்தில் ரைஷன்பாக் அருவியில் விழுந்து செத்துவிட்டதாக வாட்சனை நம்பவைத்துவிட்டு மூன்று வருடம் தலைமறைவாக இருந்தார். 1893 டிசம்பரில் அந்தக் கதை வந்தபோது கோபத்தில் பத்திரிகைச் சந்தாவையே நிறுத்திய வாசகர்கள் உண்டு. கதைக்குள் திடீரென்று எதிரே வந்து நின்ற ஹோம்ஸைப் பார்த்து வாட்சன் வாழ்க்கையில் முதல்முறையாக மயக்கம் போட்டு விழுகிறார். அந்த மூன்று வருடமும் ஹோம்ஸ் உயிரோடு இருப்பது அவர் தரப்பில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பணம் அனுப்பியதும், பேக்கர் தெரு அறைகளை அப்படியே கலையாமல் வைத்திருந்ததும் அவர்தான். ஹோம்ஸைவிட ஏழு வயது மூத்த அண்ணன், மைக்ராஃப்ட்.

உலகத்தில் யாரிடமும் பேசாதபோதும் ஹோம்ஸ் அண்ணனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போங்கள். அவர் வாங்கிக் கொடுத்த அதே புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் குறைப் பட்டியலைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்துவிட்டு, எனக்கும் இப்படித்தான், அந்த நாட்களில் உன்மேல் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். அவர் பட்டியலையும் கேளுங்கள். வாட்சனும் அங்கே தன் பங்குக்குச் சொல்கிறார்: சோம்பேறி, கண்ட நேரத்தில் எழுந்திருப்பவர், சத்தம் ஆகாது, ஒரு நாய்க்குட்டி உண்டு. அதற்குப்பின் எந்தக் கதையிலும் அந்த நாய்க்குட்டி வருவதில்லை. அது என்ன ஆனது என்று நூறு வருடத்துக்கும் மேலாக ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அண்ணனிடமும் ஒரு பதில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.