ரெட் ஏலுக்கு எந்த ஹாப்ஸ்? வாசகர் கேள்வி-பதில்

முதல் முறையாக ஐரிஷ் ரெட் (சிவந்த நிற ஏல் வகை பீர்) காய்ச்சப் போகிறேன். எந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாங்கலாம்? (லண்டன்)

ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ். கிடைக்காவிட்டால் ஃபக்கிள். 20 லிட்டருக்கு 35–40 கிராம், 60 நிமிடக் கொதி. கசப்பு 20–25 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) வந்தால் போதும். இதில் மால்ட்தான் (முளைகட்டி உலர்த்திய பார்லி) முன்னால் நிற்க வேண்டும். மணம் கொஞ்சம் வேண்டுமென்றால் அடுப்பை அணைக்க 10 நிமிடம் இருக்கும்போது இன்னொரு 10 கிராம். அதற்கு மேல் வேண்டாம். பாக்கெட்டில் ஆல்ஃபா (கசப்பு தரும் அமிலத்தின் சதவீதம்) எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள்.

சிவப்பு நிறம் தூக்கலாக வர எந்த ஹாப்ஸ் போட வேண்டும்?

நிறத்துக்கும் ஹாப்ஸுக்கும் சம்பந்தமில்லை. 20 லிட்டருக்கு 100 கிராம் வறுத்த பார்லி சேருங்கள்.

ரெசிபியில் 30 கிராம் கோல்டிங்ஸ். கடையில் இல்லாததால் 30 கிராம் கொலம்பஸ் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. ஈஸ்ட் கோளாறா? (டொராண்டோ)

ஈஸ்ட் மேல் பழி போடாதீர்கள். பாக்கெட்டைப் படிக்காததுதான் கோளாறு. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. கோல்டிங்ஸில் ஆல்ஃபா 5 சதவீதம், கொலம்பஸில் 15. அதே எடை போட்டால் கசப்பு மூன்று மடங்கு. 18 ஐபியு வர வேண்டிய ஏல் 50-ஐத் தாண்டிவிட்டது. குண்டு மிளகாய் தீர்ந்துவிட்டதென்று அதே அளவு காந்தாரி மிளகாயைக் குழம்பில் அரைத்து ஊற்றுவீர்களா?

கணக்கு ஒரு நிமிட வேலை. ரெசிபி சொல்லும் கிராமை அந்த ஹாப்ஸின் ஆல்ஃபாவால் பெருக்கி, கையில் இருப்பதன் ஆல்ஃபாவால் வகுக்க வேண்டும். 30 பெருக்கல் 5, 150. அதை 15-ஆல் வகுத்தால் 10 கிராம். ஒரே ரகத்திலும் அறுவடைக்கு அறுவடை ஆல்ஃபா மாறும். போன முறை 4.5 இருந்த கோல்டிங்ஸ் இந்த முறை 6 இருக்கலாம். ஆல்ஃபா குறிப்பிடாமல் வெறும் கிராமை மட்டும் எழுதும் ரெசிபிக்காரர்களும் இதற்குப் பொறுப்பு. அப்படிப்பட்ட ரெசிபியை நம்பிக் காய்ச்சாதீர்கள்.

இந்த வகுத்தல் கசப்புக்கு மட்டுமே. கடைசியில் மணத்துக்குப் போடுவதில் கோல்டிங்ஸுக்குக் கொலம்பஸ் எந்த எடையிலும் ஈடாகாது. வில்லமெட் தேடுங்கள், அது ஃபக்கிள் வழியில் வந்தது. காய்ச்சியதைக் கொட்ட வேண்டாம். கசப்புக் குறைவாக இன்னொரு பானை காய்ச்சி, குடிக்கும்போது கலந்துகொள்ளுங்கள்.

அமெரிக்கன் ரெட்டுக்கு சிட்ரா எப்படி? (கலிஃபோர்னியா)

எனக்குப் பிடிக்காது. கிரிஸ்டல் மால்ட்டின் கேரமல் இனிப்பும் சிட்ராவின் மாம்பழ வாசனையும் சேர்ந்தால் திகட்டிவிடும். கேஸ்கேட், சென்டினியல், சினூக்: இந்தப் பழைய மூன்றையும் மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை. பம்பளிமாஸ் தோல் வாசனையும் பைன் பிசின் வாடையும் அந்த இனிப்பை வெட்டிக் கொடுக்கும். 35 ஐபியு வைத்து, கடைசி 10 நிமிடத்தில் 25 கிராம் கேஸ்கேட் போடுங்கள். ஆல்ஃபாவைப் பார்த்துவிட்டு!

பிரித்த பாக்கெட் ஒரு வருடமாகக் கிச்சன் அலமாரியில் இருக்கிறது. லேசாக சீஸ் வாடை. போடலாமா? (மெல்போர்ன்)

கூடாது. காற்றும் சூடும் பட்டுக் கெட்டுவிட்டது. அட்டையில் அச்சடித்த ஆல்ஃபாவும் இனி செல்லாது. அடுத்த முறை மீந்ததைக் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.

ட்ரை ஹாப் செய்து (கொதிக்க வைக்காமல் பீரில் நேரடியாக ஹாப்ஸ் போட்டு) இரண்டே நாளில் பாட்டிலில் அடைத்தேன். திறந்தால் பொங்கி வழிகிறது.

அடைக்கும்போது கிராவிட்டி (மீதமுள்ள சர்க்கரையைக் காட்டும் அடர்த்தி அளவு) எவ்வளவு என்று எழுதவில்லை; அளக்கவே இல்லை போலிருக்கிறது. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரையை உடைத்து மறுபடி நொதிக்க வைக்கும். மூன்று நாள் கிராவிட்டி அசையாமல் நின்ற பிறகே பாட்டில். இப்போது எல்லாவற்றையும் கனத்த துண்டால் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கண்ணாடி வெடித்தால் கண் போய்விடும்.

கோவையில் இருக்கிறேன். வீட்டுக்கு மட்டும் ஐந்து லிட்டர் காய்ச்சலாமா?

முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். வீட்டுத் தேவைக்கு என்று விலக்கு கிடையாது.

கொதித்த ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் போடலாமா?

நாய் இல்லாத வீடு என்றால் போடலாம். நாய்க்கு ஹாப்ஸ் விஷம். உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகும். தின்றுவிட்டால் மூச்சிரைக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.