பிள்ளையை விலை பேசிய அப்பா – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

குடும்பத்தோடு பார்க்கலாம் என்று நீங்கள் சொன்ன படங்களில் ‘ரியல் ஸ்டீல்’ இருந்ததால் பையனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளையை லட்சம் டாலருக்கு விலை பேசுகிறவனை, கடைசியில் ரிங்குக்கு வெளியே நின்று நாலு குத்து விடவைத்து நல்ல அப்பா ஆக்கிவிடுகிறார்கள். மற்றபடி பழைய பாக்ஸிங் கதைதானே, மனிதனுக்குப் பதில் ரோபோ. அந்த ‘ஆட்டம்’ (Atom) என்கிற ரோபோவுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று பையன் வேறு நச்சரிக்கிறான்.
– ஆர்.

அன்புள்ள ஆர்.,

பழைய கதைதான், மறுக்கவில்லை. 1976-ல் ‘ராக்கி’ புள்ளிக் கணக்கில் தோற்று ஜனங்களின் மனதை ஜெயித்தான், 2011-ல் ஆட்டமும் சாம்பியன் ரோபோ ஜீயஸிடம் அப்படியே தோற்கிறது.

ஆனால் அந்த விலை பேசுகிற விஷயத்தை இயக்குநர் ஷான் லெவி மூடி மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மகன் மேக்ஸின் பெரியம்மாவின் கணவர் பணக்காரர் என்று தெரிந்ததும், அப்பா சார்லி அவரைத் தனியே தள்ளிக்கொண்டுபோய்ப் பேரம் பேசுகிறான்: பாதி இப்போது, மீதி அவர்கள் இத்தாலி போய்த் திரும்பியதும், அதுவரை பையன் இவனிடம். அந்தக் காசில் வாங்கிய நாய்ஸி பாய் என்கிற ரோபோவை முதல் சண்டையிலேயே நொறுங்கவிடுகிறான். விஷயம் தெரிந்ததும் மேக்ஸ் உட்கார்ந்து அழுவதில்லை, அதில் என் பங்கு எங்கே என்று கேட்கிறான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான்! அந்த இடத்தில்தான் எனக்குப் படம் பிடித்தது. பாசம் என்றெல்லாம் இழுக்காமல் இருவரையும் முதலில் தொழில் கூட்டாளிகளாக ஆக்கிவிடுகிறார்கள், அப்புறம் நடப்பதெல்லாம் வேலையின் வழியாகத்தான், காயலான் கடைச் சேற்றிலிருந்து ஆட்டமைத் தோண்டி எடுப்பது, கழுவுவது, பேரம் பேசி ஆட்டமுக்குச் சண்டை வாய்ப்பு பிடிப்பது. ரோபோக்கள் வந்ததும் பிழைப்பு போன பழைய பாக்ஸர் சார்லி. அவனைப் போய் ‘இதுக்குக் குத்தக் கத்துக்கொடு’ என்று ஒரு பொடியன் கேட்கிறான்.

மூலக்கதை ரிச்சர்ட் மாதிசன் 1956-ல் எழுதியது. அதில் மகனே கிடையாது. ரோபோ பழுதாகிவிட, பணத்துக்காக மனிதனே ரோபோ வேஷம் போட்டு ரிங்கில் இறங்கி அடி வாங்குகிறான். படத்தில் மனிதன் வெளியே நிற்க, அவன் உடம்பு செய்வதை இயந்திரம் பார்த்துச் செய்கிறது. நீங்கள் ‘நாலு குத்து’ என்கிற கடைசி ரவுண்டை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், அரங்கமே ரிங்கைப் பார்த்துக் கத்துகிறது, மேக்ஸ் மட்டும் திரும்பி, காற்றில் குத்திக்கொண்டிருக்கும் அப்பனைப் பார்க்கிறான். சார்லியாக வரும் ஹ்யூ ஜாக்மனின் தோளும் காலும் அங்கே பொய்யாகத் தெரியாததற்கு, குத்துச்சண்டை ஆலோசகராக இருந்த சுகர் ரே லெனார்டுக்கும் பங்கு உண்டு.

சார்லி நல்ல அப்பா ஆகிவிட்டான் என்று படம் சொல்கிறதா என்ன? கடன்காரனிடம் உதை வாங்கியதும் பையனைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டைக்கு அந்த ஒரு ராத்திரிக்குத்தான் கேட்டு அழைத்துவருகிறான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த, பிள்ளையை வளர்க்கும் உரிமை திரும்பி வருவதாக எங்கும் காட்டவில்லை.

என் புகார் வேறு. ஜீயஸின் முதலாளியம்மாவும் அதை வடிவமைத்த மஷீடோவும் வெறும் அட்டை வில்லன்கள், ரஷ்யப் பெயர் ஒன்று ஜப்பானியப் பெயர் ஒன்று, இதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. சார்லியின் தோழி பெய்லியாக வரும் இவாஞ்சலின் லில்லிக்குக் கவலைப்படுவதைத் தவிர வேலை இல்லை.

சரி, பையனின் கேள்வி. ஆட்டம் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே பார்க்கிற ஷாட் ஒன்று வருகிறது, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறார்கள். நீங்களும் பதில் சொல்லாதீர்கள், அவனே சண்டை போட்டு முடிவுசெய்யட்டும். மாதிசனின் கதையை 1963-ல் ‘ட்விலைட் ஸோன்’ தொடரில் லீ மார்வினை வைத்து எடுத்திருக்கிறார்கள், அரை மணி நேரம்தான். கிடைத்தால் அவனோடு பாருங்கள், மகன் இல்லாத சார்லி எப்படி இருப்பான் என்று தெரியும். பிடிக்காவிட்டால் மறுபடி திட்டி எழுதுங்கள்.