வாடகைக்கு விட வீடு வாங்குவது நிலையான வருமானம் தருமா?

வாடகை ஈட்டு விகிதம் என்பது, வீட்டின் விலையில் ஓராண்டு வாடகை எத்தனை சதவீதம் என்ற கணக்கு. சென்னையில் 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை வந்தால் அது 3 சதவீதம். ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்து, சொத்து வரிக்கும் பராமரிப்புக்கும் 30,000 ரூபாய் போனால், ஏறத்தாழ 2.4 சதவீதமே மிஞ்சும். வீட்டுக் கடன் வட்டியோ இதைவிட மிக அதிகம்.

விலையை நிலத்தின் மதிப்பு ஏற்றுகிறது. வாடகையோ குடியிருப்பவரின் சம்பளத்தைத் தாண்டி உயர முடியாது. விலைக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளிக்கு இதுவே முக்கியக் காரணம். ஒற்றைக் கறவை மாட்டை நம்பிய குடும்பத்துக்குப் பால் வற்றினாலும் தீவனச் செலவு நிற்காததைப் போல, வீடு காலியாக இருந்தாலும் கடன் தவணை நிற்காது. வாடகைக்கு எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்வதை அலட்சியப்படுத்தவே கூடாது.

அட்வான்ஸ் தொகையைப் பலர் வருமானம் என்று எண்ணுகிறார்கள்; அது திருப்பித் தர வேண்டிய பணம்.