கிலோக் கூலியும் லீன் பழக்கமும்

கேள்வி: மண்டபத்தில் இறால் உரிக்கும் கம்பெனி நடத்துகிறேன். 40 பேர், பெரும்பாலும் பெண்கள், கிலோக் கூலி. வீண்வேலையைக் குறைக்கும் லீன் முறையில் பயிற்சி கொடுத்து, சுவரெங்கும் அட்டை ஒட்டினோம். மூன்றே மாதத்தில் எல்லாம் பழையபடி. குறையைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
– வாசகர், மண்டபம்

பதில்: எப்படிச் சொல்வார்கள்? ஐஸ் தீர்ந்துவிட்டதென்று கையை நிறுத்தினால் நஷ்டம் அவர்களுக்குத்தானே! லீன் முறை பிறந்த டொயோட்டா கார் தொழிற்சாலையில் கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் உடனே வருவார். கார் அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவர் சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள். நீங்கள் அட்டையை மாற்றினீர்கள், கூலியை மாற்றவில்லை.

முதல் வேலை, நின்ற நேரத்துக்குக் காசு. ஐஸ், தண்ணீர், கரண்ட் எதனால் நின்றாலும் அந்த மேசையின் அன்றைய சராசரி வேகத்தில் கணக்கிட்டு, அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். வாரக் கடைசிக்குத் தள்ளினால் நம்பிக்கை போய்விடும்.

எட்டுப் பேர் உட்காரும் ஒரே மேசையில் தொடங்குங்கள். இறாலை மொத்தமாகக் கொட்டினால் கடைசி இறால் கைக்கு வருவதற்குள் குவியல் சூடேறிவிடும். 4 டிகிரியைத் தாண்டத் தாண்ட, தலையிலும் ஓட்டடியிலும் உள்ள நொதி வேகமாக வேலைசெய்து கரும்புள்ளி விழும், சரக்கு கழிவாகும். 5 கிலோ டிரேயாக, இறாலுக்குச் சம எடை ஐஸோடு கொடுங்கள். பல இடங்களில் இது கெடுவது ஒரே காரணத்தால்: டிரே எடுத்துத் தரும் ஆளை லோடு இறக்கக் கூப்பிட்டுவிடுவார்கள்.

காலையில் மேசையருகே நின்று பத்து நிமிடம் பேசுங்கள், அதற்கும் கூலி உண்டு. நேற்று எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு, எத்தனை நிமிடம் நின்றது, எதனால் என்று பலகையில் எழுதுங்கள். சொன்ன குறைக்கு மறுநாள் காலை பதில் வேண்டும், முடியாதென்றாலும் காரணத்தோடு. சூப்பர்வைசர் "எவ செஞ்சது?" என்று ஒருமுறை கேட்டால் போதும், பலகை அப்புறம் காலியாகவே இருக்கும். வேலை மிச்சமானதென்று ஒருவரை நிறுத்தினாலும் இதே கதிதான்.

கேள்வி: விசைப்படகுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் போகின்றன. இன்று மலையாகக் குவிகிறது, நாளை ஈ ஓட்டுகிறோம். இதில் லீன் எங்கே?
– வாசகர், பாம்பன்

பதில்: வரத்தை உங்களால் சமப்படுத்த முடியாது, வேலையைப் பிரிக்கலாம். வரத்து நாளில் உரிப்பது மட்டும். கத்தி தீட்டுவது, டிரே பழுது, புதியவர்களைப் பழக்குவது மறுநாளுக்கு. மேசை இடமாற்றம், தரை வாட்டம் சரிசெய்வது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்துக்கு. இறால் உரிப்பவர்களுக்குக் கணவாய் சுத்தம் செய்யவும் கற்றுக்கொடுங்கள். பழகும் நாட்களில் கை மெதுவாகத்தான் ஓடும் என்பதால் அப்போது நாள்கூலி பேசிவிடுங்கள்.