சாவி திருப்பினால் டிக், கயிறு இழுத்தால் அதுவும் இல்லை: ஔட்போர்டு இன்ஜின் கேள்வி-பதில்

படகின் பின்னால் மாட்டுகிற 40 குதிரைத்திறன் இன்ஜின் அண்ணே. சாவியைத் திருப்பினால் 'டிக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றிவிடட்டுமா?

காசை உள்ளே வையுங்கள் தம்பி. டிக் சத்தம் வந்தால் சாவி, நியூட்ரல் சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் தாண்டி சோலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் திறந்துவிடும் சுவிட்ச்) வரை கரண்ட் வந்துவிட்டது என்று பொருள். மிச்சம் பேட்டரியும் தடி ஒயர்களும் சோலினாய்டின் உள் முனைகளும் மோட்டாரும்தான். முதலில் கில் சுவிட்ச் கிளிப்பை (கழற்றினால் இன்ஜின் நின்றுவிடும் சிவப்புக் கிளிப்) கழற்றிவிட்டு, இன்ஜின் தலையில் இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், இன்ஜினே இறுகிக் கிடந்தால் மோட்டார் என்ன செய்யும்? அது சுற்றுகிறதென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் புதுசோ பழசோ, அதில் சார்ஜ் இல்லை அல்லது தெம்பு இல்லை. விழவில்லையா, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வைத்து (மேலே மாட்டிய கிளாம்பில் இல்லை), இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுரண்டி வைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில்தான் கோளாறு. பிளஸ் பக்கமும் குமிழிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை இதே சோதனைதான்.

என்னிடம் வருகிற 'ஸ்டார்ட்டர் போச்சு' கேஸ்களில் பாதிக்கு மேல் பேட்டரியில் கையால் முறுக்குகிற சிறகு நட் போட்டதால் வந்தவை. அலையில் படகு குத்தக் குத்த அது தளர்ந்துவிடும். சாதாரண நட் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள்.

கயிறு இழுக்கிற சின்ன இன்ஜின், பேட்டரியே கிடையாது. பிளக்கில் பொறி இல்லை. சி.டி.ஐ (பிளக்குக்குப் பொறி அனுப்பும் மின்பெட்டி) மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

விலை கூடிய சாமான் மேல்தான் எல்லோருக்கும் முதல் சந்தேகம் வருகிறது! கில் சுவிட்சின் சிவப்புக் கிளிப் மாட்டியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒருநாள் தோள்பட்டை கழலக் கழல இழுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையன் சொல்லித்தான் கவனித்தேன். அப்புறம், இந்த மாதிரி இன்ஜினை நிறுத்துவதே ஒரு ஒயரை எர்த்தில் தொடவைத்துத்தான், அதனால் சுவிட்சுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தால் அதுவும் சுவிட்ச் அமுக்கிய வேலையையே செய்யும். அந்த ஒயரைப் பிரித்துவிட்டு இழுங்கள். பொறி வந்துவிட்டால் சி.டி.ஐ நல்லாயிருக்கிறது, மாற்ற வேண்டியது சுவிட்ச். சோதனைக்கு மட்டும்தான் இது. அப்படியே கடலுக்குப் போனால் ஆள் தவறி விழுந்தாலும் இன்ஜின் நிற்காது.

பிளக்கை வெளியே எடுத்துச் சோதிக்கும்போது அதன் உலோகம் பிளாக்கைத் தொட்டபடியே இருக்கட்டும். வெறும் கேபிளைத் தொங்கவிட்டு இழுத்தால், நல்ல சி.டி.ஐ-யும் போய்விடலாம். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, ஆவி அடங்கிய பிறகு இழுங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி நின்றுவிடுகிறது. ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது. கரையில் மெக்கானிக் பார்த்தால் எல்லாம் சரி என்கிறார்.

கரையில் அது ஆறித்தானே இருக்கிறது, சரியாகத்தான் காட்டும். நின்ற அந்த நிமிஷமே, சூட்டோடு சூடாகப் பொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதனால் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றைப் படகிலேயே போட்டு வையுங்கள். பொறி இருந்தால் கோளாறு கரண்ட்டில் இல்லை, பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள்; டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறதா, கைப்பம்ப் சப்பிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பொறி இல்லையென்றால் இக்னிஷன் காயில் அல்லது ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் காயில். உள்ளே விரிசல் விட்ட கம்பி சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். காயிலின் ஓம் (மின்தடை) அளப்பதையும் சூட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

வேகமாக ஓட்டினாலும் பேட்டரியில் 12.3-தான் காட்டுகிறது.

சார்ஜ் ஏறவில்லை. 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும். ஃபியூஸ், கனெக்டர் பார்த்தாயிற்று என்றால் ரெக்டிஃபையர் (இன்ஜின் தரும் ஏ.சி கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற டி.சி ஆக்குவது), அதற்கடுத்து ஸ்டேட்டர் (ஃப்ளைவீலுக்கு அடியில் கரண்ட் உண்டாக்கும் சுருள்). யாராவது பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினார்களா, இன்ஜின் ஓடும்போதே கழற்றினார்களா என்று விசாரியுங்கள், ரெக்டிஃபையருக்குள் இருக்கும் டயோடு எரிய இந்த இரண்டில் ஒன்று போதும்.

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

கரைக்கு வந்துசேரப் போதும். டேப் உப்புத்தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கும், செம்பு பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். வெள்ளீயம் பூசிய ஒயர் போட்டு, உள்பக்கம் பசை உள்ள சுருங்கும் டியூபை மேலே சுருக்கி விடுங்கள்.